கதவைத் தட்டி ஒரு சரணம்

கறிக்கடை அக்கா யாரையும் அடிக்காமல் ஒரு வருஷம் முழுசாகப் போயிற்று என்றால், அது அவள் பிறந்த வருஷமாகத்தான் இருக்கும். அதிலும் சந்தேகம்தான். பிரசவம் பார்த்தவளின் மூக்கில் உதைத்துக்கொண்டேதான் வெளியே வந்தாள் என்று அவளைப் பெற்றவள் சொல்வாளாம்.

அப்பாவின் கறிக்கடையில் வளர்ந்தவள். மற்றப் பெண் பிள்ளைகள் பொம்மைக்குச் சட்டை மாட்டிய வயதில் இவள் ஆட்டுத் தொடையை மூட்டு பார்த்துப் பிரிக்கக் கற்றுக்கொண்டாள். கல்யாணமான முதல் வாரத்திலேயே, உப்புக் கூடிப்போனதற்காகப் புருஷன் கன்னத்தில் ஒன்று வைத்தான். இவள் அழவில்லை, அம்மா வீட்டுக்கு ஓடவும் இல்லை. அவன் வலது கையை இழுத்துக் கறிக்கட்டையின்மேல் வைத்து, கத்தியைச் சுண்டுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில் இறக்கினாள். கத்தி மரத்தில் நின்று ஆடியது.

"அடுத்த தடவை நடுவுல இறங்காது" என்றாள்.

அதற்கப்புறம் அந்த மனுஷன் சாகிறவரைக்கும் அவளிடம் அதிர்ந்து பேசியதில்லை. நன்றாகத்தான் வாழ்ந்தார்கள். அவன் மாரடைப்பில் போனபோது கடையைப் பூட்டிப்போட்டு ஊரே கேட்க அழுதாள். அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான் என்பது மட்டும் அவளுக்கு வேதவாக்காகவே நின்றுவிட்டது. அது வேதத்தில் எந்த அதிகாரம் என்று கேட்டால், "தேடுங்க, இருக்கும்" என்பாள்.

இப்படிப்பட்டவள் சபையின் பெண்கள் சங்கத்துக்குள் எப்படி வந்தாள்? சண்டை போடத்தான் வந்தாள். அவள் கடைக் கறி பழைய கறி என்று சங்கத்தில் எவளோ சொல்லிவிட்டாளாம். ரத்தக்கறை படிந்த மேலங்கியோடு, ஜபக்கூட்டம் நடக்கிற நேரம் பார்த்து உள்ளே நுழைந்தாள். அங்கே பெண்கள் ஆஸ்பத்திரிக்குக் கொடுக்கப் போர்வை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். சங்கத் தலைவி டீச்சரம்மா, பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"வந்தது வந்துட்ட. அந்த மூட்டையைத் தூக்கி வண்டியில வைம்மா. எங்களால முடியலை."

திட்ட வந்தவள் மூட்டையைத் தூக்கினாள். அன்றிலிருந்து தூக்கிக்கொண்டேதான் இருக்கிறாள். பழைய கறி என்று சொன்னது யார் என்பது இன்றுவரை அவளுக்குத் தெரியாது.

அந்தச் சங்கத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆரம்பித்த காலத்துப் பெண்கள் வைத்துவிட்டுப் போனது. கஷ்டப்படுகிற வீட்டுக்கு எதைக் கொண்டுபோனாலும் வாசற்படியில் வைத்து, கதவைத் தட்டிவிட்டு, கேட்டுக்கு வந்து, வீட்டுக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். நின்று ஒரு பாட்டில் ஒரே ஒரு சரணம் பாட வேண்டும். அந்தச் சரணம் முடிவதற்குள் உள்ளே இருப்பவர்கள் கதவைத் திறந்து எடுத்துக்கொள்ளலாம். யார் எடுத்தார்கள், என்ன சேலை கட்டியிருந்தார்கள், கண் கலங்கியதா என்று யாரும் பார்க்கக் கூடாது. சரணம் முடிந்ததும் திரும்பிப் பார்க்காமல் நடந்துவிட வேண்டும்.

"வாங்குறவங்க முகத்தைப் பார்த்துட்டா கொடுத்ததுல பாதி செத்துப்போகும்" என்பார் டீச்சரம்மா.

கறிக்கடை அக்காவுக்கு அந்த வழக்கம் ரொம்பப் பிடித்துப்போயிற்று. வாழ்க்கையில் அவள் கற்ற ஒரே மரியாதை அதுதான். ஆனால் பாட்டு? அவள் வாயைத் திறந்தால் தெருக்கோடி நாய் எழுந்து உட்காரும். அவளுக்கு ராகம் சொல்லிக்கொடுக்கப் பக்கத்தில் ஒருத்தி உட்காருவாள். சபைப் பாடகர் குழுவில் முதல் குரல் அவளுடையது. எல்லாரும் பாட்டுக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத பெண்.

"அக்கா, கொஞ்சம் மெதுவா. பாட்டு ஓடிப்போயிடும்" என்று காதோடு சொல்லிச் சிரிப்பாள்.

"ஓடினா பிடிச்சுட்டு வந்து கட்டிப்போடுவேன்டி" என்பாள் அக்கா. தங்கச்சி இல்லாத குறையை அந்தப் பெண்ணை வைத்துத்தான் தீர்த்துக்கொண்டாள்.

பாட்டுக்காரியின் புருஷன் மெக்கானிக். நல்ல பேர் எடுத்தவன். சபையின் ஜெனரேட்டர் மக்கர் பண்ணினால் கூலி வாங்காமல் பழுது பார்ப்பான். குனிந்த தலை நிமிரமாட்டான். அவனைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகச் சொல்ல யாருக்கும் வாய் வந்ததில்லை.

அப்புறம் தொற்று வந்தது. தெருக்களை அடைத்தார்கள். சபைக் கதவைச் சாத்தினார்கள். பட்டறைகள், கடைகள், பள்ளிக்கூடங்கள் எல்லாம் பூட்டு. அன்றாடம் சம்பாதித்து அன்றாடம் சாப்பிடுகிற வீடுகளில் அடுப்பு அணைந்தது. டீச்சரம்மா அலுவலகம் அலுவலகமாக அலைந்து, யார் யார் காலையோ பிடித்து, சங்கத்துக்கு ஓர் அனுமதிச் சீட்டு வாங்கி வந்தார். அது இருந்தால்தான் தெருவில் நடமாடலாம். சபையின் பின்கட்டில் பெரிய அண்டாவில் சோறும் பருப்பும் வேகும். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு, பெண்கள் இரண்டு இரண்டு பேராகப் பொட்டலம் கொண்டுபோவார்கள். நாற்பது வீட்டுக்கு மேல் அந்தப் பொட்டலத்தை நம்பி இருந்தது.

இதையும் பொறுக்காத ஜனங்கள் இருந்தார்களே! நோய் கண்ட வீட்டு வாசலை மிதித்துவிட்டு இவர்கள் தங்கள் தெருவுக்கு வருகிறார்களாம், காலில் ஒட்டிக்கொண்டு நோயும் வருகிறதாம். மெக்கானிக் இருந்த தெருவின் முனையில் மரக்கட்டைகளைப் போட்டு மறித்துக்கொண்டு ஒரு கூட்டம் நின்றது. ஒரு நாள் கல் பறந்தது. டீச்சரம்மாவின் நெற்றி பிளந்து ரத்தம் மூக்குக்கண்ணாடியில் வழிந்தது. பொட்டலங்கள் சாக்கடையில் விழுந்தன.

கறிக்கடை அக்கா கட்டையைத் தாண்டினாள். எறிந்தவனைத் தலைமுடியைப் பிடித்து இழுத்து, அதே கட்டையில் அவன் முகத்தை மோதினாள். பல் ஒன்று தெறித்தது. தடுக்க வந்த இன்னொருவனின் மணிக்கட்டை அவள் திருகிய திருகலில் அவன் மண்டியிட்டு அம்மா என்றான்.

"அம்மாவைக் கூப்பிடுறியா? அவங்களுக்கும் சாப்பாடு வேணும்னா சொல்லு, நாளைக்குக் கொண்டுவரேன்!"

மறுநாளிலிருந்து சாப்பாட்டுப் பையின் அடியில் கறிக்கத்தியும் போயிற்று. டீச்சரம்மா நெற்றிக் கட்டோடு வந்து பார்த்தார்.

"கத்தியைத் தூக்கிட்டு தர்மம் பண்ணப் போறவளை இப்பத்தான் பார்க்கிறேன்."

"வெட்டமாட்டேன் டீச்சர். சும்மா காத்து வாங்கட்டும்."

அந்தச் சமயத்தில்தான் மெக்கானிக் டீச்சரம்மாவுக்குப் போன் பண்ணினான். பட்டறை பூட்டிவிட்டதாம், கையில் வேலை இல்லையாம், அவன் சம்சாரத்துக்குத் தொற்றாம். "யாரும் கிட்ட வராதீங்கம்மா, உங்களுக்கும் ஒட்டிக்கும்" என்று தழுதழுத்தானாம். சுகாதாரத்துறை ஆட்கள் அவன் கதவில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். உண்மையில் காய்ச்சல் வந்தது அவனுக்கு, அதுவும் இரண்டு நாளில் போய்விட்டது. நோட்டீஸ் மட்டும் போகவில்லை. எந்தப் பூட்டையும்விட அது கெட்டியாக அந்த வீட்டைப் பூட்டிவிட்டது. இதெல்லாம் பிற்பாடு தெரிந்த சங்கதி.

கறிக்கடை அக்காவும் டீச்சரம்மாவும்தான் அந்தத் தெருவுக்குப் போனவர்கள். தினமும் இரண்டு பேருக்கான சாப்பாட்டைப் படியில் வைத்து, கதவைத் தட்டி, கேட்டுக்கு வந்து முதுகைக் காட்டி நின்று பாடினார்கள். உள்ளே படுத்துக் கிடக்கிற பெண்ணுக்குக் கேட்கட்டும் என்று அக்கா அந்த வீட்டு வாசலில் மட்டும் இன்னும் உரக்கப் பாடினாள். கதவு திறக்கும், மூடும். சரணம் முடியும், நடந்துவிடுவார்கள். வாரக்கணக்கில் இப்படியே போயிற்று.

பல் போனவன் சும்மா இருப்பானா? ஒரு மத்தியானம் எதிர்வீட்டு மதிலுக்குப் பின்னால் பதுங்கியிருந்து, அக்காவின் தலைக்குக் குறி வைத்து ஒரு செங்கல் துண்டை வீசினான். அவள் குனிந்துவிட்டாள். அது அவள் தலைக்குமேல் போய், அப்போதுதான் கதவைத் திறந்து பையை எடுத்துக்கொண்டிருந்த மெக்கானிக்கின் வாயில் விழுந்தது. அவன் அலறினான். அந்த அலறலில் அக்கா வழக்கத்தை மறந்து திரும்பிவிட்டாள்.

பை கிழிந்து சோறு வாசற்படியிலிருந்து உள்தரை வரைக்கும் சிதறிக் கிடந்தது. மெக்கானிக் நன்றாகச் சதைபோட்டிருந்தான். அவனுக்குப் பின்னால், உள்ளறையிலிருந்து ஏதோ ஒன்று தரையில் உடம்பை இழுத்துக்கொண்டு வந்தது. பாட்டுக்காரி என்று தெரிய அக்காவுக்கு ஒரு நொடி ஆயிற்று. ஒரு கண் மூடி வீங்கியிருந்தது. தலைமுடி அங்கங்கே கொத்தோடு பிடுங்கப்பட்டிருந்தது. ஒரு கை மடங்கக் கூடாத பக்கம் மடங்கித் தொங்கியது. மற்ற கையை நீட்டித் தரையில் கிடந்த சோற்றை அள்ளி வாயில் போட்டாள். வாசலைக்கூடப் பார்க்கவில்லை. மெக்கானிக் வாயில் ரத்தம் ஒழுகத் திரும்பி, அந்தக் கையை மிதித்தான். கதவு அறைந்து மூடியது.

அக்கா கதவில் மோதினாள். அது இரும்புத் தகடு போட்ட கதவு.

"ஜன்னி கண்டு உளர்றாம்மா! கிட்ட வராதீங்க, தொத்திக்கும்!" என்று உள்ளிருந்து கத்தினான். தெருவே வெளியே வந்து, நோய் வீட்டுக் கதவை உடைக்கிறாள் என்று கூச்சல் போட்டது. கற்கள் வர ஆரம்பித்தன. டீச்சரம்மா அவளை இழுத்துக்கொண்டு ஓடினார்.

ஸ்டேஷனுக்குப் போன் பண்ணினார்கள். நோட்டீஸ் ஒட்டின வீட்டுக்குள் நாங்கள் போக முடியாது, சுகாதாரத்துறை வரட்டும், நாளைக்கோ மறுநாளோ பார்க்கலாம் என்றார்கள். நீங்களாகக் கதவை உடைத்தால் அனுமதிச் சீட்டைப் பிடுங்கிவிடுவோம் என்றும் சொன்னார்கள்.

சபைப் பின்கட்டில் அண்டாவுக்குப் பக்கத்தில் இரண்டு பேரும் நின்றார்கள். அக்காவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"மறுநாள் வரைக்கும் அவ உயிரோட இருக்கமாட்டா டீச்சர். நான் இப்பவே போறேன்."

"சீட்டு போச்சுன்னா நாற்பது வீடு பட்டினிம்மா. அதை யோசிச்சியா? அதோட, நாம பார்க்காதவங்கன்னு நம்பித்தான் இத்தனை கதவு நமக்குத் திறக்குது."

"பாத்திரமறிஞ்சு பிச்சை இடணும்னு சும்மாவா சொன்னாங்க? ரெண்டு பேர் சோத்தையும் அவன் ஒருத்தனே தின்னிருக்கான். நாம போட்ட சோத்துல தெம்பு ஏறி, அந்தத் தெம்புல அவளை அடிச்சிருக்கான். நீங்க ஆக்கினீங்க, நான் சுமந்தேன். ரெண்டு பேரும் வாசல்ல நின்னு அவனுக்குப் பாட்டு வேற பாடினோம்!"

டீச்சரம்மா நெற்றித் தழும்பைத் தடவிக்கொண்டார். பிறகு ஒரு பொட்டலத்தை எடுத்துப் பையில் வைத்தார்.

"கதவை உடைக்க வேண்டாம். அவனே திறப்பான். நான் கேட்ல முதுகைக் காட்டிட்டுப் பாடுறேன். நாம திரும்பமாட்டோம்னு அவனுக்குத் தெரியும். மத்தியானம் ஜன்னின்னு கத்தினானே, அதை நாம நம்பிட்டோம்னு நினைச்சிருப்பான். நீ கதவுக்குப் பக்கத்துச் சுவரோட ஒட்டி நில்லு."

வெயில் இறங்கி, தெருமுனைக் கூட்டம் கலைந்த நேரத்தில் போனார்கள். டீச்சரம்மா பையைப் படியில் வைத்தார், தட்டினார், நடந்து போய்க் கேட்டருகே முதுகைக் காட்டி நின்று பாட ஆரம்பித்தார். குரல் நடுங்கினாலும் பாட்டு தவறவில்லை. அக்கா சுவரோடு சுவராக, மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். சரணம் பாதி போனது, கதவு திறக்கவில்லை. கடைசி வரி வந்தது. டீச்சரம்மா நிறுத்தவில்லை, இரண்டாம் சரணத்துக்குப் போனார். அப்போது தாழ்ப்பாள் விலகியது. வீங்கின வாயோடு ஒரு தலை எட்டிப் பார்த்தது, பைக்குக் கை நீண்டது.

அக்கா அந்தக் கையைப் பிடித்து முறுக்கிக் கதவோடு சேர்த்து நசுக்கினாள். அந்தப் பயலும் லேசுப்பட்டவன் இல்லை. உள்ளே துள்ளிப் போய்த் திரும்பியபோது கையில் வண்டிச்சக்கரம் கழற்றுகிற பெரிய ஸ்பேனர் இருந்தது. முதல் அடி அவள் தோளில் விழுந்தது. காறை எலும்பு முறிகிற சத்தம் அவளுக்கே கேட்டது. இரண்டாவது அடிக்கு ஓங்கினான். அவள் தலையைக் குனிந்துகொண்டு அவன் வயிற்றில் முட்டினாள். இரண்டு பேரும் மேசையோடு விழுந்தார்கள். அவன் அவள் காதைக் கடித்தான். அவள் அவன் வாய்ப் புண்ணில் விரலை விட்டுக் கிழித்தாள்.

வெளியே மூன்றாம் சரணம் நடந்துகொண்டிருந்தது.

பையின் அடியில் வழக்கமாகப் போகும் கத்தி அன்று இடுப்பில் இருந்தது. இடது கையால் அதை உருவினாள். அவன் கண்ணில் பயம் தெரிந்தது. அவன் கழுத்து அவளுக்கு ஒரு சாண் தூரத்தில்தான் இருந்தது. வெட்டியிருப்பாள், சந்தேகமே வேண்டாம். உள்ளறையிலிருந்து ஒரு முனகல் கேட்டது. அதனால்தான் கத்தியைத் திருப்பிப் பிடித்தாள். கத்தியின் முதுகால் அவன் முழங்கால் சில்லில் ஓங்கி ஒன்று போட்டாள். அது நொறுங்கியது. இன்னொரு காலையும் பாக்கி வைக்கவில்லை. அவன் தரையில் புரண்டு ஆடு மாதிரிக் கத்தினான்.

"அடியாத மாடு படியாதுன்னுதானேடா அவளை அடிச்ச? இப்பப் படி!"

உள்ளே பாட்டுக்காரி மூலையில் கிடந்தாள். தொண்டையில் விரல் தடம் கறுத்திருந்தது. மத்தியானம் அவளை வாசலில் பார்த்துவிட்டார்களே என்ற ஆத்திரத்தில் அவன் கழுத்தை நெரித்திருக்கிறான். மூச்சு மட்டும் இருந்தது. ஒற்றைக் கையால் அவளைத் தூக்கி, முறியாத தோளில் போட்டுக்கொண்டு அக்கா வெளியே வந்தபோது, டீச்சரம்மா இன்னும் முதுகைக் காட்டியபடி, கண்ணை இறுக மூடிக்கொண்டு பாடிக்கொண்டிருந்தார். எந்தச் சரணம் என்று அவருக்கே தெரியவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் யாரும் எதிர்பார்த்ததுதான். சீட்டைப் பிடுங்கினார்கள். அக்காவின் மேல் வழக்கு, மெக்கானிக்கின் மேல் வழக்கு. பாட்டுக்காரிக்குத் தொற்றும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். விலா எலும்பு, கை எலும்பு, தாடை என்று உடைந்ததை மட்டும் எண்ணினார்கள். டீச்சரம்மா மறுபடி அலுவலகம் அலுவலகமாக அலைந்தார். அந்த நாட்களில் நாற்பது வீட்டில் எத்தனை வீடு பட்டினி கிடந்தது என்று யாருக்கும் தெரியாது. ஒரு வீட்டில் வயசான ஒருவர் இறந்துபோனார். பசியா, நோயா என்று கேட்க டீச்சரம்மாவுக்குத் தைரியம் வரவில்லை. சீட்டு திரும்பக் கிடைத்தபோது, இவர்கள் திரும்பிப் பார்க்கிறவர்கள் என்று சில கதவுகள் திறக்கவும் இல்லை.

ஆஸ்பத்திரியில் இடமில்லை என்று பாட்டுக்காரியைச் சீக்கிரமே அனுப்பிவிட்டார்கள். கறிக்கடைக்குப் பின்னால் இருந்த அக்காவின் வீட்டுக்குத்தான் வந்தாள். அவளுக்குக் கையில் மாவுக்கட்டு, அக்காவுக்குத் தோளில் கட்டு. இரண்டு பேருக்கும் சேர்த்து இரண்டு கைதான் உருப்படி. அக்கா கஞ்சியைக் கரண்டியால் ஊட்டுவாள், பாட்டுக்காரி மெல்ல விழுங்குவாள். குரல் வரவில்லை. இனி வருமா என்று டாக்டரும் சொல்லவில்லை.

ஒரு சாயங்காலம் டீச்சரம்மா பார்க்க வந்தார். நோயாளி பக்கத்தில் உட்கார்ந்தால் ஒரு பாட்டுப் பாடுவது சங்கத்துப் பெண்களுக்குக் கை வந்த பழக்கம். அவரும் மெதுவாக ஆரம்பித்தார். பாட்டுக்காரியின் உடம்பு முழுக்க உதறல் எடுத்தது. நல்ல கையைத் தூக்கி வேண்டாம் என்றாள். டீச்சரம்மா பயந்துபோய் நிறுத்தினார்.

அக்காவால் பொறுக்க முடியவில்லை. இத்தனை நாள் நெஞ்சுக்குள் கிடந்து அறுத்ததைக் கேட்டேவிட்டாள்.

"ஏன்டி, நாங்க தினம் வந்தோமேடி! வாசல்லதானே நின்னோம். ஒரு சத்தம் கொடுக்கக் கூடாதா? ஒரே ஒரு சத்தம்!"

பாட்டுக்காரி வாயைத் திறந்தாள். ரம்பத்தால் அறுக்கிற மாதிரி ஒரு குரல் வந்தது.

"கத்தினேன்க்கா. தினமும் கத்தினேன். நீங்க பாடிட்டு இருந்தீங்க."

டீச்சரம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

"பாட்டு நின்னதும் நானும் நிறுத்திடுவேன். போயிட்டீங்கன்னு தெரியும். நீங்க போனதும் கத்தினதுக்குன்னு தனியா அடிப்பான்."

கறிக்கடை அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள். புருஷன் செத்த அன்றைக்கு அழுத மாதிரி அழுதாள். அழுதுகொண்டே கட்டிலுக்குப் பக்கத்தில் நகர்ந்து வந்து, கன்னத்தைக் காட்டினாள்.

"என்னை ஒரு அறை அறைஞ்சிடுடி. நல்லா அறை. எனக்கு மனசு ஆறட்டும்."

பாட்டுக்காரி அந்தக் கன்னத்தைப் பார்த்தாள். பிறகு தன் வலது கையில் இருந்த மாவுக்கட்டைப் பார்த்தாள்.

"கட்டுப் பிரிக்கட்டும்க்கா" என்றாள். அவள் சிரிக்காமல்தான் சொன்னாள்.